ரத்தம் சொன்ன பொய்

"பாப்பாவுக்கு வைட்டமின் ஏதாவது குடுத்தீங்களா?"

டாக்டர் கேட்டது அம்மாவை. முந்திக்கொண்டது அப்பா.

"இல்லீங்க டாக்டர். டெஸ்ட்டுக்கு முன்னாடியே நிறுத்திடணும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்களே. நான் போன்ல ஞாபகப்படுத்தினேன்." மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நிறுத்திட்டேல்ல?"

"நான் எதுக்குக் குடுக்கப் போறேன்?" என்றாள் அவள், கைப்பையின் ஜிப்பை இழுத்தபடி.

டாக்டர் ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டுச் சிறுமியைக் கூப்பிட்டார். "வாடா, கையை நீட்டு." நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் அசையவே இல்லை.

"பாருங்க. போன வருஷம் இதே தாள் படபடன்னு ஆடுச்சு. நாடித் துடிப்பு நல்லா இருக்கு, எடை ஏறியிருக்கு, நல்லாத் தூங்கறா. ஆனா ரத்தம் மட்டும் தைராய்டு இன்னும் அதிகம்னு சொல்லுது. உடம்பு ஒண்ணு சொல்லுது, ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது. முடி கொட்டுதுன்னு சாப்பிடற அந்த வைட்டமின், ரத்த டெஸ்ட் மிஷினை நல்லா ஏமாத்தும்."

"மருந்து டோஸைக் கூட்ட வேண்டாம்ல டாக்டர்?" அவசரமாகக் கேட்டாள் அம்மா.

"கூட்டலைம்மா. அடுத்த வாரம் வைட்டமின் இல்லாம ரத்தம் எடுத்துட்டு வாங்க. போன தடவையே சொன்னேனே, நார்மல்னு வந்துட்டா அப்புறம் இங்க அடிக்கடி வர வேண்டாம்."

மூவரும் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிறுமி நடுவில்.

வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். போன வருஷம் அந்த வால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. தட்டு தட்டாகச் சாப்பிட்டும் எலும்பு தெரிந்தது. ஃபேனுக்கு அடியிலும் வியர்த்து ஊற்றியது. எழுத்து கோணிக்கொண்டு கோட்டை விட்டு ஓடியது. வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் புகார் சொன்னார். ஒரு நாள் தூங்க வைக்கும்போது மகளின் நெஞ்சில் கை வைத்த அம்மா, அது அடித்துக்கொண்ட வேகத்தில் பயந்துபோய் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

போன்தான் செய்ய முடிந்தது. அவன் அப்போது வீட்டில் இல்லை. ஏதோ ஒரு பேச்சு வளர்ந்து, "போறதுன்னா போங்க" என்று அவள் சொல்ல, அவன் போயேவிட்டான். தான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கடைக்கு மேலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டான். வா என்று இவள் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி நாளில் தவறாமல் வந்து நிற்பான். அதற்கு முதல் நாளே அம்மா தன் துணியையும் மகளின் துணியையும் இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள். டாக்டரைப் பார்த்துவிட்டு மூவரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். பிறகு தெருமுனை வரை கொண்டுவந்து விடுவான். அதற்கு மேல் வர மாட்டான்.

"வைட்டமின் டப்பாவை எங்க வெக்கிறே?" அப்பா மெதுவாகத்தான் கேட்டான். குரலில் சந்தேகம் இருந்தது.

"அலமாரி மேல் தட்டுல."

"அது பாப்பாவுக்கு எட்டாதே. பின்னே தானா இறங்கி வந்துச்சா? நீதான் மறந்துபோய்க் குடுத்திருப்பே."

"நான் மறக்கலை."

"அப்போ வேணும்னே குடுத்தியா?"

அவள் கைப்பையின் ஜிப்பை மறுபடியும் இழுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் ஒரு பேச்சு வளரப் போகிறது என்று தோன்றியது.

"நாந்தாம்ப்பா!" என்றாள் சிறுமி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது."

"ஏன்டா வாலு?"

"டெஸ்ட் நல்லா வந்துட்டா நீங்க வர மாட்டீங்கல்ல?"

அப்பா மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மடி கொள்ளாத அளவுக்கு வளர்ந்திருந்தாள். அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உடம்பு சரியில்லாட்டிதான் அப்பா வருவேன்னு நெனச்சுட்டியா?" மனைவியின் பக்கம் திரும்பினான். "தப்பு பண்ணிட்டேன். உன்னையும் சந்தேகப்பட்டுட்டேன். இன்னிக்கு... வீட்டுக்கு வரவா?"

"வீடு என்ன பூட்டியா கெடக்கு?" என்றாள் அவள்.

"இருங்க, வண்டியை எடுத்துட்டு வர்றேன்." படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

அவன் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்போது நடுங்கியது அம்மாவின் விரல்கள்தான்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?"

சிறுமி படிகளின் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே வந்தாள்.

"நீ பால்ல கரைச்சுக் குடுத்தேன்னு தெரிஞ்சா, அப்பா மறுபடியும் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரும்மா."