செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கப்பா இருந்தே?" என்று முதல்வரம்மா மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

சுபாஷ், முதல்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. சார் ராஜதுரையை ஒரு பார்வை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டைக்குள் எறும்பு புகுந்தவர்போல ராஜதுரை நெளிந்து உட்கார்ந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மலையடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் அடிதடி. ஒரு கண்டக்டருக்கு மண்டை உடைந்துவிட்டது. மலைமேல் காலேஜ் கபடிப் பசங்கள் என்று யாரோ சொல்ல, போலீஸ் அணிப் பட்டியலை வாங்கிப் பன்னிரண்டு பேரையும் வழக்கில் எழுதிவிட்டது. போனவன் யார், போகாதவன் யார் என்று பார்க்கவில்லை.

வழக்கில் பேர் இருந்தால் அணியில் பேர் இருக்கக் கூடாது. கல்லூரி விதி அப்படி.

வெள்ளிக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பாடிப் போனால் ஒருத்தனையாவது தொடாமல் திரும்பாதவன் சுபாஷ்.

அவன் அம்மா பெருமாயி நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஏனுங்கம்மா, கோர்ட்டுல தீர்ப்புச் சொல்லிட்டாங்களா? கேஸு முடியறப்ப இவனுக்குக் கபடி ஆடற வயசு இருக்குமுங்களா?"

"இது தண்டனை இல்லம்மா. குத்தமில்லேன்னு வந்தா மறுபடியும் சேத்துக்குவோம்."

"செத்தவன் வாயில கஞ்சி ஊத்தறேங்கறீங்க."

முதல்வருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் இறங்கித்தான் வந்தார். "அந்த நேரத்துல இவன் எங்கூட இருந்தான்னு பெரியவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதும். இப்பவே பேரைச் சேத்துடறேன்."

"சொல்லித் தொலை சாமி, யாருகூட இருந்தே?"

சுபாஷ் தரையையே பார்த்தான்.

பெருமாயி திரும்பினாள். "நீங்களாச்சும் கேளுங்க சார். உங்க பேச்சைத் தட்ட மாட்டான்."

ராஜதுரைக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. கேட்டாப் பதில் சொல்ல மாட்டேங்கறான். நாம என்ன பண்ண முடியும்?"

இடைநீக்கக் கடிதத்தில் முதலில் முதல்வர் கையெழுத்துப் போட்டார். அடுத்து ராஜதுரை போட்டார்.

"வாரேனுங்க சார்" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான் சுபாஷ். குரலில் கோபம்கூட இல்லை.

பெரியவர் செய்த தப்பை நாலு பேர் முன்னால் அவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள் அந்த மலையில். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். சுபாஷும் காத்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சியே கிடையாது என்று சொல்லி, மற்றப் பசங்களைப் போகச் சொல்லிவிட்டு, ராஜதுரை அவனை மட்டும் பைக்கில் ஏற்றித் அதே மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இருக்கும் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பொழுது விழும்வரை ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று அவன் மிளகு பறித்துப் போட்டான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.