மோரிஸ் போன வழி

"இன்னும் வேகமா ஓட்டு, காதர்! பாலம் தாண்டிட்டான்னா பிடிக்க முடியாது" என்று கத்தினார் டாக்டர் லூயிஸ். சாந்தோம் சாலையில் குதிரை ஜட்கா தூக்கித் தூக்கிப் போட்டது.

வாசலில் நின்ற காரை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவருடைய அப்பா வாங்கிய பழைய மோரிஸ். பித்தளை விளக்கும், ரப்பர் உருண்டையை அமுக்கினால் 'பாம் பாம்' என்று அலறும் ஹாரனுமாக, மயிலாப்பூரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது.

அது 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. காலையிலிருந்து வந்த நோயாளிகளையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, லூயிஸ் வேலூருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பெட்ரோல் முழுவதும் அந்தக் காரில்தான் இருந்தது.

அவர் மனைவி கிளாடிஸுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "கார் இல்லேன்னா என்னை எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று அவள் கேட்டது நெஞ்சை அறுத்தது.

மந்தைவெளி வெற்றிலைக் கடையில் விசாரித்தார்.

"இப்பத்தான் சார் போச்சு. ஹாரன் அடிச்சிக்கினே போனான்."

அடையாறு பாலத்தில் மீன் கூடையோடு வந்தவளும் அதையே சொன்னாள். "காது கிழிஞ்சிபோச்சு சாமி. ஊரூர் குப்பத்து பக்கம் திரும்பிச்சு."

காதர் தாடியைச் சொறிந்தான். "திருடுறவன் எவனாச்சும் ஊரைக் கூட்டிக்கினு போவானா, டாக்டர் சார்?"

"கொழுப்பு, காதர். கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சிடறேன்."

குப்பத்துக்குள் நுழைந்ததுமே கார் தெரிந்தது. யாரும் அதை மறைக்கவில்லை. படகுகளுக்கு நடுவில், மணலில் புதைந்து நின்றது. பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லூயிஸ் ஜட்காவிலிருந்து குதித்தார். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. அப்போதுதான் முகம் அடையாளம் தெரிந்தது. காலையில் கேட்டுக்கு வெளியே கும்பிட்டபடி வெகுநேரம் நின்ற மீனவன், முன்பு லாரி ஓட்டிய மாசிலாமணி.

பின்னாலிருந்த குடிசையில் ஒரு பெண் வீறிட்டாள்.

"என் பொண்டாட்டி சார். புள்ளைக்கு கைதான் முன்னால வந்துகீது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. தூக்கி வண்டில ஏத்துனா உசிரு போயிடும்ன்றா."

லூயிஸின் கோபம் தடுமாறியது. வேலூருக்கென்று காலையில் காரில் ஏற்றி வைத்த அவருடைய மருந்துப் பெட்டி, குடிசை வாசலில் கழுவிய பலகைமேல் தயாராக இருந்தது. அதனருகே அண்டாவில் வெந்நீர் கொதித்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"அதுக்கு... காரை ஏன்டா எடுத்தே?"

மாசிலாமணி குடிசைத் தட்டியை விலக்கிப் பிடித்தான்.

"நான் கூப்ட்டா வரல. அது வந்தா வருவீங்கன்னு தெரியும் சார்."