குன்றை விட்டு இறங்காத படை

"இன்னிக்காவது குன்றை விட்டு இறங்குவியா, இல்ல உன் ஆளுங்களுக்கு அங்கேயே வீட்டு வரி கட்டப் போறியா?"

ட்ரெவர் கேட்டதும் கூடமே சிரித்தது. லெஸ்லியும் சிரித்தார். சிரித்தாரே தவிர, இறங்கவில்லை.

இங்கிலாந்தில், டெர்பிக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடம். சனிக்கிழமை தவறாமல் அங்கே பழங்காலப் போர் நடக்கும். பச்சைத் துணி விரித்த மேஜை, அட்டையில் செய்த குன்று, விரல் உயரப் பொம்மை வீரர்கள், அளவு நாடா, பகடை.

ட்ரெவரிடம் பாரசீகக் குதிரைப்படை. லெஸ்லியிடம் கிரேக்க ஈட்டி வீரர்கள். கேடயத்தோடு கேடயம் கோத்து, எல்லாப் பக்கமும் ஈட்டி நீட்டி, வட்டமாக நிற்பார்கள். வட்டத்தைப் பிரித்து வரிசையாக்கினால்தான் முன்னேறலாம் என்பது விதி. லெஸ்லி பிரிப்பதே இல்லை. காலையில் குன்றின்மேல் வைத்தால் வைத்ததுதான்.

"முன்னெல்லாம் எப்படி ஆடுவே! ரிட்டயர் ஆனதும் இப்படிப் பயந்தாங்கொள்ளி ஆயிட்டியே!"

"வயசாயிடுச்சு ட்ரெவர்."

"எனக்கு மட்டும் குறையுதா?"

ட்ரெவருக்கு நிஜமாகவே எரிச்சல். அதனால்தான் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருந்தார். 'ஆட்டம் முடியும்வரை நகராத படை தோற்றதாகக் கருதப்படும்.' டீ முடிந்ததும் ஓட்டெடுப்பு. நடுவர் கீத் உட்பட எல்லோரும் ட்ரெவர் பக்கம். நிறைவேறிவிட்டால் லெஸ்லியின் வட்டம் அலமாரிக்குத்தான் போகும்.

லெஸ்லி அடிக்கடி டீ மேஜைப் பக்கம் பார்த்துக்கொண்டார். அங்கே அவர் மனைவி பெரில் கெட்டிலோடு நின்றிருந்தாள்.

"அங்க என்ன பார்வை? பகடையை உருட்டு."

இடது பக்கம் பாய்ந்த குதிரைகள் ஈட்டியில் மோதித் திரும்பின. வலது பக்கம் பாய்ந்தவையும் திரும்பின. கடைசியில் ட்ரெவருக்கு ஒரு நல்ல பகடை விழுந்தது.

"நாலு பேர் காலி! எடு வெளியே!"

லெஸ்லி எடுக்கவில்லை. பையிலிருந்து நாலு சட்டைப் பட்டன்களை எடுத்து, குன்றின் ஓரமாக வைத்தார்.

"என்னய்யா இது?"

"செத்தவங்க கணக்கு. பட்டனைப் பாத்துக்கோ."

"செத்தவனை எடுத்து வைக்கக்கூடவா சோம்பல்?"

பெரில் டீக்கோப்பைகளோடு வந்தாள். "எப்படிப் போகுது? இன்னிக்கும் வட்டம்தானா?"

"வட்டம்தான் பெரில். அதை விட்டா வேற எது?" என்றார் லெஸ்லி.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக, பிஸ்கட் எடுக்கச் சமையலறைக்குள் போனாள்.

ட்ரெவருக்குப் பொறுமை போய்விட்டது. "போதும்! நீ எடுக்கலைன்னா நான் எடுக்கறேன்." முன்னால் நின்ற ஒருவனின் தலைக்கவசத்தைப் பிடித்துத் தூக்கினார்.

அவன் மட்டும் வரவில்லை. அத்தனை பேரும் வந்தார்கள். வட்டம் கலையாமல், ஒரு ஈட்டிகூடச் சாயாமல், மொத்தப் படையும் ட்ரெவரின் விரலில் தொங்கியது.

திருப்பிப் பார்த்தார். கேடயத்தோடு கேடயம், தோளோடு தோள், எல்லாம் பசை போட்டு ஒரே கட்டி. நேற்று விளையாட வந்தவன்கூட வீரர்களைத் தனித்தனியாகத்தான் ஒட்டுவான்.

"எந்த மடையன்யா இப்படி ஒட்டினது?"

லெஸ்லி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "கத்தாதய்யா! பெரில் காதுல விழுந்துடப் போகுது."

"பெரிலா?"

"ரிட்டயர் ஆனதுக்கு அவ குடுத்த பரிசு. குளிர்காலம் பூரா, எனக்குத் தெரியாம உக்காந்து பெயிண்ட் அடிச்சிருக்கா. புருவம்கூட வரைஞ்சிருக்கா பாரு. புத்தகத்துல இருந்த படத்தைப் பாத்து அப்படியே ஒட்டிட்டா. பிரிச்சா உடைஞ்சிடும். வேற படையைக் கொண்டு வந்தா, 'என் ஆளுங்களைப் பிடிக்கலையா'ன்னு முகம் வாடிடுவா."

ட்ரெவர் புருவங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. படையைக் குன்றின்மேல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"டீ முடிஞ்சுது. ஓட்டெடுப்பு!" என்றார் கீத்.

ட்ரெவர் எழுந்தார். "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்னது? வாரா வாரம் என் உயிரை வாங்கினது நீதானே?" என்றார் கீத்.

"தோத்தவன் புலம்பல் அது, விடு. அருமையான வட்டம்யா! என்னால உடைக்க முடியல. அவ்வளவுதான்."

கூடமே மறுபடி சிரித்தது. இந்த முறை ட்ரெவரைப் பார்த்து. அவருக்கு அது சுகமாகவே இருந்தது.

பிஸ்கட் தட்டோடு வாசலில் நின்றிருந்த பெரிலின் கண்கள் அகலமாயின. "உங்களுக்கும் இவ்வளவு பிடிக்குமா ட்ரெவர்? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!"

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை.

மேஜையில் இரண்டு குன்றுகள். இரண்டிலும் புருவம் வரைந்த வீரர்கள், வட்டமாக. காலையிலிருந்து எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. லெஸ்லி மேஜைக்கடியில் கைநிறையப் பட்டன்களை ட்ரெவருக்குத் தள்ளிவிட்டார்.

கீத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாராவது ஒருத்தர் இறங்கித் தொலைங்கய்யா!"

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரிலுக்குக் கேட்கும்படி ட்ரெவர் உரக்கச் சொன்னார்: "இறங்கறதா? என் ஆளுங்களுக்கு இங்கேயே வீட்டு வரி கட்டப் போறேன்!"