பென்சிலால் தட்டியது

மச்சானின் கிதார் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் நின்றுவிட்டது. நான் கை வைத்ததால்தான் கெட்டது என்று என் மனைவியிடமே வத்தி வைத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபியூஸ், ஒயர், ஸ்பீக்கர் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே சின்னக் கண்ணாடி பல்பு மாதிரி இருக்கும் வால்வுகளும் எரிந்தன. வால்வைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்றாவது கேட்க வேண்டும். தட்டினேன், மூச்சுப் பேச்சில்லை.

“தெரியலன்னா விட்டுடுங்க மாமா” என்றான்.

“யாருக்குடா தெரியல?”

பிளக்கைப் பிடுங்கினேன். வால்வுகளை எல்லாம் துணியால் பிடித்துக் கழற்றி, மேசைமேல் வைத்தேன். ஆத்திரம் தீராமல் ஒவ்வொன்றையும் மறுபடி தட்டினேன்.

ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் எரிந்து விழுந்தது.

“எத்தனை தடவதான் தட்டுவீங்க? இருங்க, கதவத் தொறக்கிறேன்.”