தட்டு யாருடையது?

"இந்தத் தட்டு என்னுது. யாரும் தொடக் கூடாது!"

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. கத்தியது மின்னல். அங்கே நிரந்தர வேலை, எல்லோருக்கும் சீனியர். கிட்டப் போனால் அடிக்கும் என்பதால் வந்த பட்டப்பெயர்.

அவள் கையில் உலோகத் தட்டு. அதில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி.

புரதக் கரைசலை ஊசி வழியே விட்டு, பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காய்ந்து, எதிரே உள்ள தட்டில் படியும். மருந்தைச் சுமக்கப்போகும் துகள்கள். இரண்டு வருடமாக ஒன்று கடுகு, ஒன்று பூசணி என்று படுத்திக்கொண்டிருந்தன. இன்று அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு என்றது மைக்ரோஸ்கோப்.

நேற்று கடைசியாக மெஷினை ஓட்டியது ஒப்பந்த வேலையில் இருக்கும் பெண். அதைப் பார்க்காதவர் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து, மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தது மட்டும்தான் மின்னல்.

"அக்கா... நேத்து நான்தானே..."

"நீ அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்ட. வாயை மூடிக்கிட்டு உட்காரு."

பெண்ணின் கண் கலங்கியது. பக்கத்து மேசைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு... வெட்கமா இல்லையா மேடம்?"

"இல்லை. வேற ஏதாவது?"

மெஷினை ஓட்டியவர் தட்டின் பின்புறம் பெயர் எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். பெண் எழுத மறந்திருந்தாள். மின்னல் மார்க்கரை எடுத்துத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"திருட்டுக்குக் கையெழுத்து வேற!" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அப்போது பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மெஷின் கதவைத் திறந்தா கரண்ட் தானா நிக்கணும். நேத்து கதவு சுவிட்ச்ல டேப் ஒட்டி, திறந்து வச்சே ஓட்டியிருக்காங்க. ஊசி அடைச்சா துடைக்க வசதியாம்! பவர் யூனிட் உள்ளே கருகிக் கிடக்கு. ஆள் தப்பினதே பெரிசு!"

பெண்ணின் முகம் வெளுத்தது.

"நிரந்தர ஆளுன்னா சம்பள உயர்வு கட். ஒப்பந்த ஆளுன்னா இப்பவே மூட்டை கட்டணும். சொல்லுங்க, நேத்து ஓட்டினது யாரு?"

பக்கத்து மேசைக்காரர் தரையைப் பார்த்தார்.

மின்னல் தட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேனே சார், காதுல விழலையா? என்னுது!"