கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

பந்தோடு ஓடிவந்த டேரன் எல்லைக்கோட்டை நெருங்கும்போதே கைகளை அகல விரித்துவிட்டான்.

பந்து நழுவி விழுந்து, இரண்டு முறை குதித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கிடந்தது.

உள்ளூர் ரசிகர்களின் பலகை வரிசைகள் மொத்தமும் எழுந்து கத்தின. இந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்குத்தான் மாநிலப் போட்டி. பாண்டு முழங்கியது. டேரன் மேல் அவன் அணியே ஏறி விழுந்தது.

எதிரணியின் எழுபத்திரண்டாம் எண் பையன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

“எல்லாம் முடிஞ்சப்புறம் வருது பாருங்கண்ணே, உருளைக்கிழங்கு மூட்டை!” என்றாள் வேர்னுக்குப் பக்கத்து இருக்கை மார்லின்.

அந்தப் பெயரை வைத்தவரே வேர்ன்தான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவனைக் கிண்டலடித்தே வரிசையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். “பந்து பொறுக்கத்தான் லாயக்கு,” என்றார் இப்போது.

பையன் குனிந்து பந்தைப் பொறுக்கினான். ஆனால் நடுவரிடம் கொடுக்கவில்லை. திரும்பி, மைதானத்தின் மறுகோடியை நோக்கி ஓடத் தொடங்கினான்.

வரிசை மறுபடி சிரித்தது.

வேர்ன் சிரிக்கவில்லை. நடுவரைப் பார்த்துவிட்டார். புள்ளி கொடுக்க உயர வேண்டிய நடுவர் கைகள் உயரவில்லை. விசிலும் ஊதவில்லை. பையனின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

கோட்டைத் தாண்ட வேண்டியது ஆள் அல்ல, அவன் கையிலிருக்கும் பந்து. டேரன் ஒரு சாண் முன்னாலேயே அதைக் கைவிட்டிருந்தான். கீழே கிடக்கும் பந்து எடுத்தவனுக்கு.

கொண்டாட்டக் குவியல் கலைந்து ஆட்கள் துரத்துவதற்குள் மூட்டை பாதி மைதானம் தாண்டியிருந்தது.

பாண்டு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது.

“முதுகுல பேரு போட்டிருக்கே... கோவாரிக். யாரு பெத்த புள்ளண்ணே அது?”

வேர்ன் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டார்.

பையன் கோட்டைத் தாண்டிய பிறகும் பந்தை விடவில்லை. நடுவர் இரு கைகளையும் உயர்த்தும்வரை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றான்.

நேற்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் இந்த விதியைத்தான் சொல்ல ஆரம்பித்தான். “முதல்ல ஓடக் கத்துக்கடா,” என்று வேர்ன் வாயை அடைத்துவிட்டார்.

எதிர் வரிசைகளில் வேர்னின் ஊரே எழுந்து நின்று அவருடைய குடும்பப் பெயரைக் கத்தியது.

அந்தப் பெயர் காதில் விழக்கூடாதென்றுதான் அவர் இந்தப் பக்கம் டிக்கெட் வாங்கியிருந்தார்.