ஒற்றை சிலிண்டர்

"முப்பத்தாறு வருஷத்துல இதோட பானெட்டை ஒரு தடவைகூட நான் திறந்ததில்ல, மேடம்," என்றார் வெண்டல், தன் புல்வெட்டும் வண்டியின் பச்சைத் தகரத்தைக் குழந்தையின் தலைபோலத் தடவிக்கொண்டு. "திறக்கற மாதிரி அது வச்சதே இல்ல."

நடுவர் திருமதி க்ரூகர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். "அப்ப எண்ணெய் மாத்தறது?"

"அதெல்லாம் என் மனைவி நடீன் பாத்துக்குவா. நான் ஓட்டறதோட சரி."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று வெண்டலுக்கே பட்டது.

மாவட்டக் கண்காட்சியில், முப்பது வயது தாண்டிய, இன்ஜின் மாற்றாத புல்வெட்டும் வண்டிகளுக்கென்று ஒரு போட்டி உண்டு. 'இன்ஜின் ஆதியில் வந்ததே' என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே வர வேண்டும். இந்த வருடம் மூன்றே வண்டிகள். ஒன்று கிளம்பவே இல்லை. இன்னொன்று கிளம்பி, நிற்க மறுத்து, தீவன மூட்டைகளில் போய் இடித்துக்கொண்டது. முதல் பரிசான நீல ரிப்பனுக்கும் வெண்டலுக்கும் நடுவே இப்போது யாருமே இல்லை.

இப்படி ஒரு நிலைமை அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. பூசணிக்காய் கொண்டுவந்த வருடம், அது எடை மேடையிலேயே பிளந்துகொண்டது. பீச் பழ ஜாம் போட்டியில் ஏழு பேரில் ஏழாவதாக வந்தார். அறுபத்தெட்டு வயதாகியும் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு துண்டு ரிப்பன் இல்லை. ஆணி மட்டும் எப்போதோ அடித்து வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு க்ளீட் வேலியில் சாய்ந்தபடி எலுமிச்சைச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார். இந்த வசந்தத்தில்தான் அவர் புது வண்டி வாங்கியிருந்தார்.

"மேடம், இவன் புல்லு வெட்டறதவிட பிரசங்கம் பண்றதுதான் அதிகம். எதுக்கும் காதைப் பொத்திக்குங்க."

"பிரசங்கம் இல்லப்பா, உண்மை. இது ஒத்தை சிலிண்டர். முழுக்க வார்ப்பிரும்பு. உன் வண்டில ரெண்டு சிலிண்டரைக் காலை அகட்டி நிக்கற மாதிரி வச்சு, மேல பிளாஸ்டிக் தொப்பி போட்டிருக்கான். அது பொம்மை."

"பொம்மைதான் வாராவாரம் புல்லு வெட்டுது."

"பிளாஸ்டிக்கை நம்பி எவனாவது உட்காருவானா?"

"நீ நிக்கிறியே. உன் முழங்கால்ல வேறென்ன இருக்கு?"

"அது டாக்டர் வச்சது," என்றார் வெண்டல். பதில் பலவீனமாக இருந்தது அவருக்கே தெரிந்தது.

நடீன் அவர் கையைத் தொட்டாள். "வெண்டல், வெயில் ஏறுது. ரிப்பன் கிடக்கட்டும், வா, ஆப்பிள் பை சாப்பிடப் போலாம்."

மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறாள். பூசணி பிளந்த அன்று தான் காரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் நடுவர்.

முதல் திருகலிலேயே இன்ஜின் எழுந்தது. வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்க மேடம். இரும்புச் சத்தம். எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா காது ஏமாறாது."

திருமதி க்ரூகர் குனிந்து அடியில் பார்த்தார். "ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகலையே. இந்த வயசுல ஒழுகுமே."

"ஒழுகிட்டுத்தான் இருந்துச்சு. ஆறு வருஷம் முன்ன முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரில படுத்துட்டேன். திரும்பி வந்து பாத்தா தானா நின்னு போச்சு. இரும்புக்கும் ஓய்வு வேண்டியிருக்கு போல."

க்ளீட்டின் உறிஞ்சுகுழல் காலிக் கோப்பையில் கரகரத்தது.

"சரி, நிறுத்துங்க. பானெட்டைத் திறக்கணும்."

"திறந்தே ஆகணுமா மேடம்?" என்றாள் நடீன்.

"திறக்காம ரிப்பன் தர முடியாதும்மா."

"தாராளமா," என்று வெண்டலே முன்னால் வந்தார். இடப்பக்கம் தடவினார். வலப்பக்கம் தடவினார். கொக்கி எங்கே இருக்கிறதென்று முப்பத்தாறு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

நடீன் பெருமூச்சு விட்டாள். முன்னால் வந்து, பார்க்காமலே ஒரு விரலை உள்ளே விட்டுத் தட்டினாள். பானெட் எழுந்தது.

உள்ளே இரண்டு சிலிண்டர்கள் காலை அகட்டி நின்றன. மேலே கறுப்பு பிளாஸ்டிக் தொப்பி.

யாரோ வண்டியை மாற்றிவிட்டார்கள் என்றுதான் வெண்டல் முதலில் நினைத்தார். திரும்பி இருக்கையைப் பார்த்தார். கிழிசலில் அவர் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

திருமதி க்ரூகர் கண்ணாடியை இறக்கி இன்ஜினில் இருந்த தேதியைப் படித்தார். "அருமையான இன்ஜின். ஆனா வயசு ஆறுதான்." அட்டையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

க்ளீட் சிரிக்கவில்லை. தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"நடீன்?" என்றார் வெண்டல்.

அவள் பானெட்டை மெதுவாக மூடினாள்.

"அந்த வாரம் மாத்தினது உன் முழங்காலை மட்டுமில்ல, வெண்டல்."